கேட் விழுந்த நாளிலிருந்து எங்கள் கார் ஷெட்

2019 மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. ஷெட்டுக்குள் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைக்குக் கிளம்பிய என் மாமனார் ஸ்லைடிங் கேட்டைத் தள்ளித் திறந்தார். பந்து உருண்டு கேட் ஓரமாகப் போய் நின்றது. பையன் அதை எடுக்கக் குனியப் போன நேரம், உள்ளேயிருந்து மாமியார், "டேய், பால் ஆறுது, வந்து குடிச்சிட்டுப் போடா" என்று கூப்பிட்டார். பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

அவன் என் பக்கம் வந்து சேர்வதற்குள் கேட் விழுந்தது. பன்னிரண்டு அடி நீளம், ஐந்தரை அடி உயரம், முழுக்க இரும்பு. மேலே பிடித்திருந்த கைடிலிருந்து கேட்டின் பின்முனை நழுவி, ஒரு நொடி சாய்ந்து நின்று, பிறகு ஷெட்டின் உள்பக்கமாகப் படுத்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்தது. மாமனார் கேட்டுக்கு வெளிப்பக்கம் நின்றதால் தப்பினார். மூன்று பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. ஐந்து பேர் பிடித்த பிறகுதான் நிமிர்ந்தது. அடியில் பந்து கிடந்தது, ஒரு பக்கம் தட்டையாக, வெடித்து.

அந்தப் பந்து இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஷெட்டில் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். ஆனாலும் கழற்றவில்லை.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் பக்கம். கீழே முன்பாதி முழுக்க ஷெட். அதற்கு நேர் மேலே நாங்கள் தூங்கும் அறை. மாடிப்படி ஷெட்டுக்குள்ளிருந்துதான் ஏறும். இடம் மிச்சம் பிடிக்க இப்படிக் கட்டிய வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்களுக்கு இதுதான் அடிப்படை.

கேட் ஏன் விழுந்தது? மறுநாள் வந்த வெல்டர் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஸ்லைடிங் கேட்டுக்கு அடியில் இரண்டு சக்கரம், தரையில் பதித்த ஆங்கிள் இரும்பின் மேல் ஓடும். மேலே ஒரு தூணில் கைடு ரோலர் இருக்கும். கேட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கேட் முழுசாகத் திறந்ததும் அதற்கு மேல் போகாமல் தடுக்க இரண்டு முனையிலும் ஸ்டாப்பர் இருக்க வேண்டும். எங்கள் கேட்டில் திறக்கும் பக்கத்து ஸ்டாப்பர் இல்லவே இல்லை.

வீடு கட்டியபோது இருந்தது. அப்புறம் தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு உயர்த்திக்கொண்டே போனார்கள். மழைத் தண்ணீர் ஷெட்டுக்குள் வர ஆரம்பித்ததும், நாங்களும் கான்கிரீட் போட்டு வாசலை நாலு அங்குலம் உயர்த்தினோம். அதற்காகக் கேட்டைக் கழற்றி, ட்ராக்கை மேலே பதித்து, கைடைத் திரும்ப வெல்டு பண்ணினார்கள். ஸ்டாப்பரை மட்டும் திரும்ப வைக்கவில்லை. அந்த வருஷம்தான் கொஞ்சம் பெரிய கார் வாங்கியிருந்தோம். ஸ்டாப்பர் இல்லாததால் கேட் இன்னும் ஒரு அடி கூடத் திறந்தது, கண்ணாடி இடிக்காமல் கார் உள்ளே வந்தது. எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. மூன்று வருஷம் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நிதானமாகத் தள்ளிய நாளெல்லாம் கேட் கைடுக்குள்ளேயே நின்றது. வேகமாகத் தள்ளிய ஒரு நாளில் விழுந்தது.

"ஸ்டாப்பருக்கு ஆகுற செலவு ஒரு துண்டு இரும்பும் ரெண்டு வெல்டிங் ராடும்தான் டீச்சர்" என்றார் வெல்டர். அன்றைக்கே இரண்டு முனையிலும் வைத்தார். கைடும் ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினார். ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடிக்கும் என்பது கணக்கு.

உங்கள் வீட்டில் ஸ்லைடிங் கேட் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். கேட்டைக் கடைசி வரை மெதுவாகத் திறங்கள். முடியும் இடத்தில் 'டங்' என்று இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் கையால் பிடித்து நிறுத்தினால்தான் நிற்கிறது என்றால், ஸ்டாப்பர் இல்லை என்று அர்த்தம். திறந்த நிலையிலும் மேலே கைடு கேட்டை நன்றாகப் பிடித்திருக்கிறதா பாருங்கள். ட்ராக்கில் கல்லும் மண்ணும் சேர்ந்தால் சக்கரம் ஏறி இறங்கி ட்ராக்கை விட்டு விலகும், அதனால் வாரம் ஒரு தடவை பெருக்க வேண்டும். ரோடு போட்ட பிறகோ, வாசல் உயர்த்திய பிறகோ, கேட்டைக் கழற்றி மாட்டிய பிறகோ கட்டாயம் இன்னொரு தடவை சோதியுங்கள். கேட்டின் மேல் குழந்தைகளை ஏறவோ, ஏறி நின்று தள்ளச் சொல்லிச் சவாரி போகவோ விடாதீர்கள். நான் சின்ன வயதில் அப்படி ஆடியிருக்கிறேன், என் மகனும் ஆடியிருக்கிறான். இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அன்று இரவு மாமனார் சாப்பிடவில்லை. அவர் தாம்பரம் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேயும் அதற்குக் கார் ஷெட் என்றுதான் பெயர். "அங்க நான் சக்கரத்துக்குக் கட்டை வைக்காம ஒரு பெட்டிக்கு அடியில போனதில்லம்மா. ஒருத்தன் வேலை பாக்குறான்னா சிவப்புப் பலகை தொங்கும், அதை அவனேதான் எடுக்கணும். வீட்டு ஷெட்டுல ஒண்ணுமே பாக்காம விட்டுட்டேன்" என்றார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. நான் தினமும் அந்தக் கேட்டைத் திறந்து மூடியவள்தான். வேலை பார்க்கும் இடத்தில் விதி இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. வீட்டு ஷெட்டை நாம் வீட்டுக்கு வெளியே இருக்கிற இடமாக நினைக்கிறோம். வீட்டுக்குள் வைக்கப் பயப்படும் பொருளையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். ஆனால் அதன் தலைக்கு மேல்தான் தூங்குகிறோம்.

மறு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் இருந்த அத்தனையையும் வாசலில் எடுத்துப் பரப்பினோம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல், இரண்டு. பெயின்டர் விட்டுப் போன தின்னர், டர்பன்டைன். மூடி துருப்பிடித்த எனாமல் டப்பாக்கள். கேஸ் சிலிண்டர், அதுவும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில். பழைய செய்தித்தாள் கட்டு ஆளுயரம். கிழிந்த மெத்தை. அரிசி மூட்டை. கூலன்ட் கேன் திறந்தபடி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்தபோதுதான், எரிவதற்கு வேண்டியதும் பற்றவைப்பதற்கு வேண்டியதும் ஒரே அறையில் இருந்திருக்கிறது என்று புரிந்தது.

பெட்ரோலைப் பற்றி நாம் ஒரு விஷயத்தைத் தவறாக நினைக்கிறோம். தீக்குச்சி பெட்ரோலில் பட்டால்தான் ஆபத்து என்று. எரிவது ஆவி. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றுகிற அளவுக்குப் பெட்ரோல் ஆவி விடும். சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றை விட கனம். மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாகப் பரவி, மூடிய ஷெட்டில் ஒரு மூலையில் தேங்கி நிற்கும். பாட்டில் ஒரு மூலையில், சுவிட்ச் பொறி இன்னொரு மூலையில் இருந்தாலும் போதும். சமையல் கேஸும் இப்படித்தான் தாழப் போய்த் தங்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் கதை தலைகீழ். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது எல்லா வாயுவையும் விட லேசு, மேலே போய்க் கூரையடியில் சேரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. ஆக, கேட்டை மூடி, ஷட்டரையும் இறக்கிப் பூட்டிய ஷெட்டில் கீழேயும் ஆபத்து, மேலேயும் ஆபத்து. எங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டு, பக்கத்துச் சுவரில் தரையை ஒட்டிக் காற்று போக ஓட்டை வைத்த இரண்டு ஜாலி, கூரையை ஒட்டி இரண்டு ஜாலி வைக்கச் சொன்னோம். எலி வராமல் உள்பக்கம் கம்பி வலை. அரை நாள் வேலைதான்.

பெட்ரோலை ஷெட்டில் வைப்பதையே நிறுத்திவிட்டோம். வண்டி டாங்கில் இருப்பது போதும். தின்னர், பெயின்ட் மிச்சம் எல்லாம் பெயின்டரையே கூப்பிட்டுக் கொடுத்தோம். இப்போது வேலை முடிந்ததும் மிச்சத்தை எடுத்துப் போகச் சொல்லியே கூலி பேசுகிறேன். சிலிண்டரை வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினோம், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கூலன்ட் இனிப்பாக இருக்கும். குழந்தையோ நாயோ நக்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். அது இப்போது மேல் தட்டில், அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கிறது. எதையும் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலை. முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்குவேன். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடுவேன். தங்கம் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் பட்டால் நொடியில் பழுத்துக் கையோடு ஒட்டிக்கொள்ளும். தாலிச் சங்கிலியைச் சேலைக்குள் செருகிக்கொள்வேன். குனியும்போது தொங்குவது அதுதான். பக்கத்தில் ஒரு டப்பா ஆப்ப சோடா எப்போதும் இருக்கும். ஆசிட் தரையில் சிந்தினால் அதைத் தூவி, பொங்கி அடங்கிய பிறகு தண்ணீர் விட்டுக் கழுவலாம். கண்ணிலோ தோலிலோ பட்டால் சோடா கூடாது, குழாயைத் திறந்துவிட்டு நிறையத் தண்ணீர், இருபது நிமிஷமாவது, அப்புறம் உடனே டாக்டர்.

இதெல்லாம் செய்து முடித்து, இனி ஷெட் பத்திரம் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2022 ஜூனில் பள்ளிக்கூடம் போய் வர மின் ஸ்கூட்டர் வாங்கினேன். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் போட்ட மின் வண்டி எரிந்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி என் மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் வண்டியையும் பேட்டரியையும் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் வாங்கினேன். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று: எங்கே செருகுவது?

ஷெட்டில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன பிளக் பாயின்ட் இருந்தது. டேபிள் ஃபேன் போட வைத்தது. அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, ஒயர் நீளம் அதிகம் என்று சுருட்டிக் கட்டி, அதில் சார்ஜர். இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முழு சார்ஜ். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. மாமியார் மாடியில் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். "இந்நேரத்துல யாரும்மா மீன் வறுக்குறது?" என்று கேட்டார். எனக்கும் அந்த வாசனை வந்தது. கெட்டுப்போன மீனைக் கருக்கினது போல. எங்கள் வீட்டில் அன்றைக்கு ரசம்தான். அக்கம்பக்கத்தில் எல்லா விளக்கும் அணைந்திருந்தது. பள்ளியில் லேப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு தடவை சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. சுவிட்ச், பிளக் செய்யும் பிளாஸ்டிக் சூடேறிக் கருகினால் மீன் வாசனை வரும்.

படியில் பாதி இறங்கியபோதே தெரிந்துவிட்டது. பாக்ஸ் ஒரு பக்கம் மெழுகு போல வழிந்திருந்தது. பிளக் செருகியிருந்த இடம் காப்பிப்பொடி நிறம். அதிலிருந்து நூல் மாதிரி மெல்லிய புகை. என் கை தானாக பிளக்கைப் பிடுங்கப் போனது. நல்ல வேளையாக மாமனார் பின்னாலிருந்து, "தொடாதம்மா, மெயினை இறக்கு" என்று சத்தம் போட்டார். மெயின் பாக்ஸ் மாடிப் படியின் தலைப்பில் இருந்தது. ஓடிப் போய் இறக்கினேன். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு, புகை அடங்கும் வரை நாங்கள் மூன்று பேரும் படியிலேயே நின்றோம். பையன் மேலே தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வர எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்தப் படிதான். அந்தப் படிக்கு அடியில்தான் தீ பிடிக்க இருந்தது.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியனிடம், கரன்ட் அளவுக்கு மேல் போனால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "எம்.சி.பி. எவ்வளவு கரன்ட் போகுதுன்னுதான் பாக்கும் டீச்சர். உங்க சார்ஜர் இழுக்குறது அளவான கரன்ட்தான். ஆனா பிளக்குக்குள்ள பித்தளைப் பிடி தளர்ந்து லூஸ் கனெக்‌ஷன் ஆயிடுச்சு. லூஸான எடத்துல கரன்ட் திணறிப் போகும், சூடாகும். சூடானா பிடி இன்னும் தளரும். நாலஞ்சு மணி நேரம் அப்படியே ஓடுனா இதுதான். லூஸ்னா எம்.சி.பி.க்குத் தெரியாது."

மின்விசிறி, செல்போன் சார்ஜர் போன்றவை கொஞ்சமாக இழுக்கும், அதனால் தளர்ந்த பிளக்கும் வருஷக்கணக்கில் தாங்கும். மின் வண்டி மணிக்கணக்கில் விடாமல் இழுக்கிறது. பழைய ஒயரிங்கின் பலவீனம் வெளியே வருவது இங்கேதான். சுருட்டிக் கட்டிய ஒயரும் சூடு வெளியேறாமல் தன்னையே வேகவைத்துக்கொள்ளும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே ஷெட்டிலிருந்து ஒழித்தோம். மெயின் போர்டிலிருந்து சார்ஜருக்கென்றே தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர், தனி எம்.சி.பி., முடிவில் எர்த்துடன் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று. வீடு முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம். ஒயரிலிருந்து கரன்ட் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடக்கிற ஷெட்டுக்கு அது ரொம்ப அவசியம். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது இருப்பதாகவே எண்ணாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் இடம். சார்ஜிங் பாயின்ட்டைப் படியடியிலிருந்து எடுத்து, கேட் தூண் பக்கம், சன்ஷேடுக்கு அடியில், மழை படாத பெட்டிக்குள் வைத்தோம். வண்டி எரிந்தாலும் தெரு பக்கம் எரியட்டும், நாங்கள் வெளியேறும் வழி திறந்திருக்கட்டும். கூடவே, ஹாலுக்குப் பின்பக்கம் சும்மா பூட்டிக் கிடந்த கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டு, மாடி பால்கனியிலிருந்து அங்கே இறங்க ஒரு இரும்பு ஏணியும் வைத்தோம். பணம் செலவானதுதான். ஆனால் வெல்டர் ஏணியை மாட்டிய அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவதும் நின்றது. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, ஐந்தரைக்குப் போட்டு, ஒன்பதரைக்குள் எடுத்துவிடுகிறேன். ஓடிச் சூடான பேட்டரியை உடனே சார்ஜ் போடக்கூடாது. வண்டியோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதையும் மாட்டுவதில்லை. வாரம் ஒரு நாள், சார்ஜ் பாதியில் இருக்கும்போது, புறங்கையை போர்டின் மேல் வைத்துப் பார்ப்பேன். கை பொறுக்காத சூடு என்றால் அன்றே எலெக்ட்ரீஷியன். 2022 டிசம்பரிலிருந்து மின் வண்டி பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். வாங்கும்போது அதன்படி வந்த வண்டியா என்று கேளுங்கள். ஆனால் நம் வீட்டு பிளக்கை எந்த விதியும் வந்து பார்க்காது.

எங்கள் பக்கத்தில் ஷெட் என்றாலே வெள்ளத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர், காரில் ஸ்டீயரிங் வரை. பிளக் பாயின்ட்கள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்ததால், தண்ணீர் நுழைவதற்குள் மெயினை அணைத்ததுதான் அன்று நாங்கள் செய்த ஒரே சரியான காரியம். இப்போது ஷெட்டில் எந்த பாயின்ட்டும் நாலரை அடிக்குக் கீழே இல்லை. இன்வெர்ட்டரும் பேட்டரியும் நாலடி உயரத்தில் ஆங்கிள் ஸ்டாண்டில் இருக்கின்றன.

தண்ணீர் வடிந்த மறுநாள் என் கொழுந்தனார் காரில் சாவியைத் திருகினார். ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. சாதாரண இன்சூரன்ஸில் அந்தச் செலவு வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இன்ஜினுக்குத் தனியாகக் காப்பீடு சேர்த்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மின் ஸ்கூட்டர் முங்கினால் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். தள்ளி வைத்துவிட்டு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

அதே வெள்ளத்தில் நடந்த இன்னொன்றை நினைத்தால் கேட் விழுந்ததை விடப் பயமாக இருக்கிறது. நாள்கணக்கில் கரன்ட் இல்லை. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து, மழை படுமே என்று ஷெட்டுக்குள் வைத்து, திருட்டுப் பயத்தில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டோம். ஒரு மணி நேரத்தில் மாமியாருக்குத் தலைவலி, எனக்குக் குமட்டல். வெள்ளத் தண்ணீர் நாற்றம்தான் காரணம் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா படியேறி வந்தவர், சத்தத்தைக் கேட்டதும், "முதல்ல அதை நிறுத்துங்க, எல்லாரும் மொட்டைமாடிக்கு வாங்க" என்றார். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்கியிருந்தால் எழுந்திருக்க மாட்டோம். ஜெனரேட்டர் திறந்த வெளியில்தான் ஓட வேண்டும், ஜன்னலிலிருந்து தள்ளி. குளிர் காலையில் காரை ஷெட்டுக்குள்ளேயே ஓடவிட்டுச் சூடு பண்ணும் வழக்கமும் அதோடு போயிற்று.

ஜாக்கி பற்றி மாமனார் எழுதச் சொன்னார். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை நம்பிக் கீழே படுக்கக்கூடாது. ஹாலோ பிளாக் வைத்தால் போதும் என்பார்கள், அது விரிசல் விட்டால் சொல்லிக்கொண்டு விடாது, ஒரேயடியாகப் பொடியாகும். கீழே போக வேண்டிய வேலை என்றால் இரும்பு ஸ்டாண்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை, சமதரை. இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

அரிசி மூட்டை போனதும் எலி குறைந்தது. எலி குறைந்ததும், மழைக்காலத்தில் ஷெட்டில் பாம்பு வருவதும் குறைந்தது. எங்கள் பக்கம் ஏரிக்கரை, கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் உண்டு. கேட்டுக்கு அடியில் ரப்பர் பட்டை, தண்ணீர் போகும் ஓட்டையில் சல்லடை, ஷூவை உதறிப் போடும் பழக்கம். பாம்பைப் பார்த்தால் அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறைக்கு 101. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து, 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்கு.

காரை ரிவர்ஸ் எடுப்பது எங்கள் வீட்டில் இப்போது ஒருவர் செய்யும் வேலை இல்லை. கேமரா இருந்தாலும் பம்பரை ஒட்டி ஓரமாக உட்கார்ந்திருக்கும் குழந்தையை அது காட்டாமல் போகலாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், இன்னொருவர் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுபவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். 'உள்ளேதான் இருக்கும்' என்பது பதில் இல்லை. என் தங்கை பிள்ளைகள் வரும்போது நான்தான் அவர்கள் கையைப் பிடிப்பேன். நான் தலையாட்டினால்தான் வண்டி அசையும்.

தீயணைப்பான் ஒன்று வாங்கினோம். ஏ.பி.சி. பவுடர், 4 கிலோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. முதலில் அதை வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். மாமனார் கழற்றி, ஹாலிலிருந்து ஷெட்டுக்கு வரும் கதவோரம் மாட்டினார். எரியும் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தால் எடுக்கவே முடியாது என்றார். அது சரிதான். பின்னை இழுத்து, தீயின் தலையை விட்டுவிட்டு அடியைக் குறி வைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். முதுகுப் பக்கம் வெளியேறும் வழி இருக்க வேண்டும். சில நொடிகளில் தீர்ந்துவிடும், அதற்குள் அடங்காவிட்டால் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீ பரவும். மின் வண்டியின் லித்தியம் பேட்டரியே எரிய ஆரம்பித்தால் இந்தத் தீயணைப்பானால் அடங்காது. எல்லோரும் வெளியே, கதவைச் சாத்து, 101. இதை மகனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தீயை அணைப்பது அவன் வேலை இல்லை, பாட்டியை எழுப்பிப் பின்கதவு வழியாக அழைத்துப் போவதுதான் அவன் வேலை என்று.

மாமனாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. ஷெட் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருக்கிறார், பணிமனையில் இருந்தது போல. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா என்று பையன் பார்த்துச் சொல்வான். நான் மேலே நின்று ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்துவேன், கீழே விளக்கு அணைந்ததும் "சரி" என்று குரல் வரும். எல்லாம் பார்த்துத் தேதி எழுதிய பிறகு, பேரனைப் படியில் ஏறி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டைக் கடைசி வரை தள்ளுவார். 'டங்' என்று கேட்கும். இன்னொரு தடவை இழுத்துத் தள்ளுவார். மறுபடியும் கேட்ட பிறகுதான் பால் வாங்கக் கிளம்புவார்.